கள்ளிவிளை விமானத்துக்கு டிஜிட்டல் மீட்டர் மாட்டிய கதை

முட்டாள்களின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் கள்ளிவிளைக்காரன். கதையில் வரும் நான்கு பேரில் நானும் ஒருவன். நால்வரில் யார் பெரிய முட்டாள் என்று ஓட்டெடுப்பு நடத்தினால் எனக்கு மூன்று ஓட்டு நிச்சயம். நாலாவது ஓட்டையும் யோசிக்காமல் எனக்கே போட்டுக்கொள்வேன்.

கள்ளிவிளையில் யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம். இவை மூன்றும், நாங்கள் நால்வரும் சேர்ந்ததுதான் கள்ளிவிளை பறக்கும் கழகம்.

தலைவர் பூதலிங்கம் அண்ணாச்சி. உப்பளம் வைத்திருப்பவர். உயரம் என்றால் பயம். மொட்டை மாடிக்குப் போவதென்றாலே இரண்டு நாள் யோசிப்பார். கழகத்தில் யாராவது ஒருவர் எப்போதும் தரையில் இருக்க வேண்டுமே என்று அவரைத் தலைவராக்கினோம். பறக்கச் சொல்லித் தருபவர் கேப்டன் தேவசகாயம். அவர் எந்தப் படையிலும் கேப்டனாக இருந்ததில்லை. வாலிபத்தில் ஊர்க் கைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தார், அந்தப் பட்டம் அப்படியே நின்றுவிட்டது. மெக்கானிக் மாசானமுத்துவுக்கு அடிப்படையில் டிராக்டர்தான் தொழில். விமானமும் டிராக்டர்தான், உழாமல் போகிற டிராக்டர் என்பது அவருடைய கொள்கை.

நான் ஆவுடையப்பன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விமானி உரிமம் வாங்க நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் முப்பத்தொன்பது பறந்திருந்தேன். அதைச் சேர்க்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. எழுத்துத் தேர்வில் நாலாவது தடவை தேறினேன். எப்படித் தேறினேன் என்று எனக்கே தெரியாது, அதனால் திரும்ப அதைச் செய்யவும் முடியாது. அந்தத் தேர்ச்சி மே மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு காலாவதி ஆகிறது. அதற்குள் இன்னும் ஒரே ஒரு மணி நேரம் பறந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆறு வருஷமும் தண்ணீரில் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேறு விஷயங்கள் பின்னால் வருகின்றன.

ஏப்ரல் மாதம் சென்னையிலிருந்து ஆய்வாளர் நிரஞ்சனா மேடம் வந்தார். விமானத்துக்குள் தலையை விட்டு மீட்டர்களைப் பார்த்தார். எல்லாம் பழைய முள் மீட்டர்கள். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் அறுபதில் நின்றது.

"இன்ஜின் ஓடலையே. அப்புறம் எப்படி பிரஷர் காட்டுது?" என்றார்.

"அது எப்பவும் அறுபதுதான் மேடம்," என்றார் மாசானமுத்து பெருமையோடு. "பதினாலு வருஷமா ஒரு புள்ளி இறங்குனதில்ல."

"பெட்ரோல் மீட்டர் பாதி டேங்க் காட்டுதே. பெட்ரோல் இருக்கா?"

"இல்ல மேடம். ஆனா காட்டும்."

மேடம் ஒரு பெருமூச்சு விட்டார். பழைய மீட்டர்கள் அத்தனையையும் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை மாட்டும் வரை விமானம் பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மே முப்பத்தொன்றாம் தேதி மறுபடி வருவதாகவும், எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே ஒரு மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"வே ஆவுடையப்பன், அந்த ஒரு மணி நேரம் உமக்குத்தான்," என்றார் கேப்டன்.

பத்து நாளில் பெட்டி வந்தது. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒரு திரை, இடியாப்பம் போல ஒரு கட்டு ஒயர், இன்ஜினில் ஆங்காங்கே மாட்டுவதற்குச் சின்னச் சின்ன சென்சார்கள், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆங்கிலக் கையேடு. உடனே பொதுக்குழு கூடியது. போன தடவை பிரேக்கைச் சரி செய்தபோது எங்கள் சொந்த புத்தியைப் பயன்படுத்தியதில் விமானம் வாழைத்தோட்டத்துக்குள் போய் நின்றது. அந்த அனுபவத்தை மனதில் வைத்து அண்ணாச்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கையேட்டில் இருப்பதை அட்சரம் பிசகாமல் செய்ய வேண்டும். வேலை முடியும் வரை கழகத்தில் யாரும் சொந்த புத்தியைப் பயன்படுத்தக் கூடாது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதைக் கடைப்பிடிப்பதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

கையேட்டைத் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் தினமும் இவ்வளவு ஆங்கிலம் என் கையைத் தாண்டித்தான் போகிறது என்று அண்ணாச்சி காரணம் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

நாலாம் பக்கத்திலேயே ஒரு சிக்கல். 'சென்சார்களைப் பொருத்துவதற்கு முன் இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. நாங்கள் நின்றது மே மாத மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. மாசானமுத்து இன்ஜினில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுது."

"ஓடி ஒரு மாசம் ஆச்சே, எப்படிவே சுடும்?" என்றார் கேப்டன்.

"ஓடுதோ ஓடலையோ, சுடுதுல்லா?"

"காலைல வரைக்கும் பொறுத்தா தானா குளிர்ந்துரும்," என்றார் கேப்டன்.

அண்ணாச்சி அவரைக் கண்டிப்போடு பார்த்தார். "கேப்டன், பொறுத்திருக்கணும்னு கையேட்டுல இருக்கா?"

நான் பார்த்துச் சொன்னேன். இல்லை.

"அப்ப அது சொந்த புத்தி."

கேப்டன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்துக்கு ஆள் அனுப்பி எட்டுப் பாளம் ஐஸ் கொண்டுவந்தோம். இன்ஜினைச் சுற்றி அடுக்கி, சாக்கைப் போட்டு மூடினோம். இரண்டு மணி நேரத்தில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தது. கூடவே விமானம் முழுவதும் சாளை மீன் வாசனை ஏறிவிட்டது. அன்று முதல் ஊர்ப் பூனைகள் பதினொன்றும் கொட்டகைக்குக் குடிவந்தன. கழகத்தில் அவ்வளவு பேர் ஒன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

சென்சார்களை மாட்டி, ஒயர்களை இழுத்து, திரையை வைத்தாயிற்று. மாசானமுத்து கைவேலையில் கெட்டிக்காரர். யோசிக்கச் சொன்னால்தான் கஷ்டம். அடுத்தது பத்தொன்பதாம் பக்கம். 'புதிய திரையின் எண்களும் பழைய மீட்டர்களின் முட்களும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கவும். ஒத்துப்போகும் வரை பழையவற்றைக் கழற்ற வேண்டாம்.'

திரையைப் போட்டோம். அது ஆயில் பிரஷர் பூஜ்யம் என்றது. பழைய முள் வழக்கம் போல அறுபது என்றது. நால்வரும் மாறி மாறிப் பார்த்தோம்.

"பழசு பதினாலு வருஷம் ஒரே சொல்லுல நிக்குது," என்றார் கேப்டன். "புதுசு நேத்து வந்தது. சர்வீஸ் பாத்தா பழசு சொல்லுததைத்தான் எடுக்கணும்."

"புதுசு விலை ஜாஸ்தி," என்றார் மாசானமுத்து.

அண்ணாச்சி ஊரில் பல தகராறுகளைத் தீர்த்து வைத்தவர். கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டு பேரையும் பகைச்சுக்க வேண்டாம். ஆளுக்குப் பாதி விட்டுக் குடுத்து முப்பதுன்னு முடிச்சுக்கலாமா?"

"திரை விட்டுக் குடுக்காது அண்ணாச்சி. அது எண்ணு. முள்ளுன்னா தள்ளிரலாம்," என்றேன் நான்.

சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. நான் எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

மாசானமுத்து பழைய மீட்டர்களின் கண்ணாடிகளைக் கழற்றி, விரலால் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார். ஒத்துப்போயிற்று. கைதட்டினோம். ஆனால் இன்ஜினைப் போட்டதும் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. முட்களும் கூடவே ஏற வேண்டுமே. யோசனை சொன்னவன் நான் என்பதால் முட்களை நகர்த்தும் வேலை எனக்கே கிடைத்தது. மொத்தம் ஐந்து முள். இரண்டை இரண்டு கைகளாலும், மூன்றாவதைக் கட்டைவிரலாலும் சமாளித்தேன். நாலாவதுக்கு மாசானமுத்து என் பல்லில் ஒரு துடைப்பக் குச்சியைக் கடிக்கக் கொடுத்தார். ஐந்தாவதை மூக்கால் தள்ளினேன்.

கேப்டன் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். "ஏறுது, ஏறுது, நாப்பத்தி ரெண்டு. ஆவுடையப்பன், மூக்க இன்னும் கொஞ்சம் வலது பக்கம்!"

பத்து நிமிஷம் கழித்துக் கேப்டன் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போகுது. பழைய மீட்டர்ல ஒரு குத்தமும் இல்ல. நாமதான் அதச் சந்தேகப்பட்டோம்."

அப்படி ஒத்துப்போன பிறகு பழைய மீட்டர்களை மரியாதையாகக் கழற்றி வைத்தோம்.

முப்பத்தொன்றாம் பக்கம் பெட்ரோலைப் பற்றியது. தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பிறகு ஐந்து லிட்டர் ஊற்றித் திரையில் பதிய வேண்டும். அடுத்து பத்து லிட்டரில் பதிய வேண்டும், பிறகு பதினைந்தில். இப்படித் தொட்டி நிறைய தொண்ணூறு வரை. ஐந்து ஊற்றிப் பதிந்தோம். அடுத்துப் பத்து. மாசானமுத்து கேனில் இன்னொரு ஐந்து லிட்டர் கொண்டுவந்தார்.

"உள்ள அஞ்சு கிடக்கு. இன்னும் அஞ்சு ஊத்துனா பத்துதானே?" என்றார்.

அவரை அதட்டியது வேறு யாருமில்லை, நான்தான். "தொட்டியைக் காலி செய்யவும்னு முதல் வரியில போட்டிருக்கு. நீரு அஞ்சு லிட்டர் மேல ஊத்துதீரு. தீர்மானம் என்னாச்சு?"

மாசானமுத்து தலைகுனிந்தார். முதலில் ஊற்றிய ஐந்தை வடித்தோம். பத்து ஊற்றினோம். பத்தை வடித்துப் பதினைந்து ஊற்றினோம். தொண்ணூறு லிட்டர் வரை பதினெட்டுத் தடவை ஊற்றி, பதினேழு தடவை வடித்தோம். இரண்டு நாள் ஆயிற்று. எனக்குத் தோள்பட்டை கழன்றே போனது. ஆனால் திரை பெட்ரோலைச் சரியாகக் காட்டியது. சரியாகக் காட்டினால் நாங்கள் செய்த முறையும் சரிதானே என்று இன்றும் அண்ணாச்சி வாதிடுகிறார்.

எங்கள் கழகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மீட்டரையும் பார்த்தவுடன் நம்ப மாட்டோம். விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நம்புவோம். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரிதான் இதுவும். முள் எங்காவது சிக்கி நின்றால் தட்டியதும் அசைந்து சரியான இடத்துக்கு வரும். கேப்டன் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான்.

சோதனைக்காக இன்ஜினைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் இன்ஜின் சூடு எண்பத்தைந்து என்று காட்டியது. நான் கை போன போக்கில் திரையைத் தட்டினேன்.

எண்பத்தைந்து நூற்று எண்பத்தைந்து ஆயிற்று.

அது தொடுதிரை. தட்டினால் செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாறிவிடும். மூலையில் ஒரு சின்ன எழுத்தும் மாறும். இது எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நொடியில் இன்ஜின் நூறு டிகிரி ஏறிவிட்டது என்பது மட்டும்தான்.

"தீ!" என்று கத்திக்கொண்டு கேப்டன் வெளியே குதித்தார். அண்ணாச்சி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இன்ஜின் மூடியிருந்ததால் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் என் தலையில் கொட்டினார். கண்ணில் மணலோடு தடுமாறி நான் மறுபடி திரையைத் தட்டிவிட்டேன். எண்பத்தைந்து.

நால்வரும் திரையைச் சுற்றிக் கூடினோம்.

"தட்டுனா சூடு இறங்குது," என்றார் மாசானமுத்து மெதுவாக.

"ஒரே தட்டுல நூறு டிகிரி!" என்றார் கேப்டன்.

"இது தெரியாம எட்டுப் பாளம் ஐஸ் வாங்கியிருக்கோமே," என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார்.

இனி பறக்கும்போதெல்லாம் ஒருவர் தட்டுவதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் மாசானமுத்து தன் டிராக்டரின் ரேடியேட்டரையும் தட்டிப் பார்த்தார். அது கேட்கவில்லை. அது பழைய காலத்து வண்டி, அதற்குப் புரியாது என்றார்.

மே முப்பத்தொன்று வந்தது. காலையிலிருந்து என் பறப்புப் பதிவேட்டைத் துண்டில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு நிரஞ்சனா மேடம் வந்து திரையையும் ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது.

"ரொம்பச் சரியா மாட்டியிருக்கீங்களே! யார் யோசிச்சுச் செஞ்சது?"

"யாரும் யோசிக்கல மேடம்," என்றார் அண்ணாச்சி பணிவாக.

"ஏன் மீன் வாசனை அடிக்குது?"

"நாலாம் பக்கம் மேடம்," என்றேன் நான்.

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. "சரி, ஒரு மணி நேரம் பறந்துட்டு வாங்க. ஒருத்தர் விமானத்தை ஓட்டுங்க. இன்னொருத்தர் திரையிலேர்ந்து கண்ணை எடுக்காம, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்களை எழுதுங்க. அதுவரைக்கும் நான் ஆபீஸ்ல உக்காந்து உங்க பழைய பதிவேடுகளைப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானும் கேப்டனும் ஏறி உட்கார்ந்தோம். எண்பத்தெட்டாம் பக்கம் எனக்கு நினைவு வந்தது. திரையின் மேல் நேரடி வெயில் படக் கூடாது. மேற்கு வெயில் முன் கண்ணாடி வழியாக நேராகத் திரையில் விழுந்துகொண்டிருந்தது. கடையில் ஜெராக்ஸ் மிஷினை மூடும் கனத்த கறுப்புத் துணி என் பையில் இருந்தது. அதை முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினேன். பக்கத்துக் கண்ணாடிகளிலும் மிச்சத் துணியை ஒட்டினேன். உள்ளே சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாகி, திரை பளிச்சென்று தெரிந்தது.

"நல்ல காரியம் செஞ்சீரு," என்றார் கேப்டன்.

இனி நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இது ஆவுடையப்பனின் மணி நேரம், அதனால் ஓட்டுவது அவன்தான் என்று கேப்டன் நினைத்தார். புதுக் கருவியோடு முதல் பயணம், அதனால் ஓட்டுவது கேப்டன்தான் என்று நான் நினைத்தேன். சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரிடம் போய் 'ஓட்டுவது நீங்கள்தானே?' என்று எப்படிக் கேட்பது? அவரும் என்னிடம் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லிக் காட்டினால் மாணவனுக்குத் தைரியம் வராது என்பது அவர் கட்சி. ஆக இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சக்கரங்களுக்கு முன்னால் வைத்திருந்த மரக்கட்டைகளையும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கையேட்டில் இல்லை. அது திரைக்கான கையேடு, விமானத்துக்கானது அல்ல.

இன்ஜினைப் போட்டு வேகத்தைக் கூட்டினோம். விமானம் உதறியது.

"கிளம்பிட்டோம்," என்றேன்.

"கிளம்பிட்டோம்," என்றார் கேப்டன்.

கொஞ்ச நேரத்தில் உதறல் பழகிப்போயிற்று. மேலே ஏறிச் சமநிலைக்கு வந்துவிட்டோம் என்று புரிந்துகொண்டேன். பத்தாவது நிமிஷம் எனக்குத் தலை சுற்றியது.

"காது அடைக்குதாவே?" என்று கேப்டன் கத்தினார்.

"அடைக்குது கேப்டன்!"

"மூவாயிரம் அடி இருக்கும். எச்சில முழுங்கும்."

முழுங்கினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்களை எழுதினேன். சூடு நூற்றைத் தாண்டியபோது தட்டினேன். இருநூறுக்கு மேல் போயிற்று. பதறி இன்னொரு தட்டு தட்டினேன், இறங்கியது. இருவரும் பெருமூச்சு விட்டோம். ஆறு வருஷத்தில் இவ்வளவு ஆட்டமில்லாமல் நான் பறந்ததே இல்லை. கேப்டனின் கைவண்ணத்தை நினைத்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அவர் என்னை நினைத்துப் பெருமைப்பட்டதாகப் பிறகு சொன்னார்.

இதற்கிடையே வெளியே நடந்ததை அண்ணாச்சி வாயால் பின்னர் கேட்டேன். ஏறுவதற்கு முன் கேப்டன் அவரிடமும் மாசானமுத்துவிடமும், "வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். இருவரும் ஓடுபாதை முனையைப் பார்த்து நின்று, தலையை அண்ணாந்தவர்கள் அண்ணாந்தபடியே இருந்தார்கள். சத்தம் கேட்டது, விமானம் தெரியவில்லை. ரொம்ப உயரத்தில் போகிறார்கள் என்று முதல் அரை மணி நேரம் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணாச்சிக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. மேலே பார்த்தபடியே தட்டுத் தடுமாறி ஆபீசுக்குள் போனார்.

"மேடம், விமானத்தைக் காணோம்!"

மேடம் பதறிப்போய் வெளியே ஓடி வந்தார். இருபது அடி தள்ளி, கிளம்பிய அதே இடத்தில், விமானம் இரைந்துகொண்டு நின்றது.

"அதோ நிக்குதே சார்!"

அண்ணாச்சி அப்போதுதான் தலையைக் கீழே இறக்கினார். "ஐயோ, நாங்க மேலயில்லா தேடிக்கிட்டிருந்தோம்," என்றார்.

உள்ளே எங்களுக்கு நாற்பதாவது நிமிஷம். யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

கேப்டன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வே, யாரோ கதவத் தட்டுதாங்க."

"மூவாயிரம் அடியில யாரு கேப்டன் தட்டுவா?"

"கேளும், யாருன்னு."

"யாரது?" என்று கத்தினேன்.

"நிரஞ்சனா! கதவைத் திறங்க!"

நான் பக்கத்துத் துணியை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். மேடத்தின் முகம் தெரிந்தது. காற்றில் தலைமுடி பறந்துகொண்டிருந்தது, கண்ணை இடுக்கிக்கொண்டு ஏதோ கத்தினார். உடனே துணியை மூடிவிட்டேன்.

"மேடமேதான் கேப்டன். வெளியில வாறாங்க."

"என்ன சொல்லுதாங்க?"

"இன்ஜினை நிறுத்தணுமாம்."

"நடு வானத்துலயா? சோதனையா இருக்கும். நிறுத்துதோமா இல்லையான்னு பாக்காங்க," என்றார் கேப்டன். பிறகு குரல் தழுதழுத்தது. "கடமைன்னா இதுல்லா வே கடமை! எதைப் பிடிச்சுட்டு நிக்காங்களோ, பாவம்."

"உள்ள ஏத்திக்கிடலாமா?"

"ரெண்டே சீட்டு. அதோட பறக்கும்போது கதவைத் திறக்கப்படாது."

நான் கதவோடு வாயை வைத்துக் கத்தினேன்: "மேடம், கெட்டியா பிடிச்சுக்கோங்க! இன்னும் இருபது நிமிஷந்தான்!"

அந்த இருபது நிமிஷமும் என் மனம் படாத பாடுபட்டது. மேடம் விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே எண்களை எழுதினேன். தட்டல் நிற்கவில்லை. நிற்காத வரை அவர் விழவில்லை என்று கேப்டன் ஆறுதல் சொன்னார். அறுபதாவது நிமிஷத்தில் இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். ஒரு சின்ன அதிர்வு கூட இல்லை.

"என்னா இறக்கம் வே!" என்று கேப்டன் என் தோளைத் தட்டினார். "முப்பது வருஷமா ஓட்டுதேன், எனக்கே இப்படி வராது."

"எல்லாம் உங்க கை கேப்டன்."

"என் கையா? ஓட்டுனது நீருல்லா?"

"நான் எழுதிக்கிட்டுல்லா இருந்தேன்!"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். மயிர்க்கூச்செறிந்தது. யாருமே ஓட்டாமல் விமானம் தானாக ஏறி, தானாகப் பறந்து, தானாக இறங்கியிருக்கிறது.

"டிஜிட்டல்னா டிஜிட்டல்தான்," என்றார் கேப்டன்.

கதவைத் திறந்தோம். மேடம் தலை முதல் கால் வரை செம்மண்ணாக நின்றார். கேப்டன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மேடம் எங்களைக் கீழே இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கூட்டிப்போய் மரக்கட்டைகளைக் காட்டினார். பிறகு ஓடுபாதையைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், மறுபடி கட்டையைக் காட்டினார். மூன்றாவது தடவை விளக்கியபோது எனக்குப் புரிந்தது. நாங்கள் எங்கேயும் போகவில்லை. என் கணக்கில் இப்போதும் முப்பத்தொன்பதுதான். பதிவேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், எல்லோர் முன்னாலும் விக்கி விக்கி அழுதேன்.

மேடம் நான் எழுதிய எண்களை வாங்கிப் பார்த்தார். தன் படிவத்தில் 'கருவி நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதினார். யோசித்துவிட்டு, 'கருவி மட்டும்' என்று திருத்தினார். பிறகு மணியைப் பார்த்தார்.

"நாலரை ஆகுது. இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கு. பெட்ரோலும் இருக்கு. அந்தத் துணியை முதல்ல கிழிங்க. கட்டையை எடுங்க. ஆவுடையப்பன் சார், அழாதீங்க. நீங்க ஓட்டுங்க, வெளியே பாத்து ஓட்டுங்க. கேப்டன் இறங்கட்டும், நானே கூட வர்றேன்."

அவர் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார். அன்று அந்த நாற்பதாவது மணி நேரத்தை நான் உண்மையாகவே பறந்தேன், தாமிரபரணி கடலில் கலக்கிற இடம் வரைக்கும் போய்விட்டு வந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விமானம் கிளம்புவதற்கு முன்பே இந்தக் கதை முடிந்துவிடுகிறது.

நான் ஏறி உட்கார்ந்தேன். மாசானமுத்து கட்டைகளை எடுத்தார். மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தார். கேப்டன் ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு குனிந்து கேட்டார்:

"மேடம், இந்தத் தடவை உள்ள உக்காருதீங்களா, இல்ல முன்ன மாதிரி வெளியவே நின்னுட்டு வாறீங்களா?"